கணவாய்க்கு அந்தப் பக்கம் போன வாக்கு



குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்காரர்களான எங்களுக்கு எந்தக் காரியம் என்றாலும் நாகர்கோவில்தான். கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு எல்லாம் அங்கே. பஸ் ஏறினால் தோவாளையில் பிச்சிப்பூ வாசம் வரும். கொஞ்ச நேரத்தில் வடசேரியில் இறங்கிவிடலாம். ஆனால் 2004 வரை, நாடாளுமன்றத் தேர்தல் என்றால் மட்டும் எங்கள் வாக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போனது. நாங்கள் திருச்செந்தூர் தொகுதி!

எங்கள் தோவாளை வட்டம் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். அதை நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் ஆகியவற்றோடு சேர்த்திருந்தார்கள். 1999-இல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் பொன். ராதாகிருஷ்ணன் வென்றார், 2004-இல் ஏ.வி. பெல்லார்மின் வென்றார். அந்த இரண்டு முடிவுகளிலும் ஆரல்வாய்மொழி வாக்கு ஒன்றுகூடச் சேரவில்லை.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளைத் திருத்தியது. திருவட்டார் சட்டமன்றத் தொகுதி மறைந்தது. குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளும் சேர்ந்து, 2009-இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி ஆயின. நாகர்கோவில் தொகுதியில் அதுவரை வென்றிராத தி.மு.க., புதிய தொகுதியின் முதல் தேர்தலிலேயே வென்றது. ஹெலன் டேவிட்சன் எம்.பி. ஆனார். கூட்டணியும் வாக்குப் பிரிவும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆனாலும், சட்டமன்றத் தேர்தல்களில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறி வென்றுவந்த எங்கள் பகுதி வந்து சேர்ந்ததும் கட்சிகளின் கணக்கு மாறத்தானே செய்யும்?

ஒரு தேர்தலின் முடிவில் எல்லை ஒரு பாதி. வேட்பாளர் மறு பாதி. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஆளும் கட்சியே சட்டமன்றத்தில் தொகுதி எல்லையை வகுக்கிறது. வேட்பாளரையோ வாக்காளர்களே முதல்நிலைத் தேர்தலில் பொறுக்கி எடுக்கிறார்கள். நம் நாட்டில் இரண்டும் நேர்மாறு. எல்லை வகுப்பது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான ஆணையம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் அதில் துணை உறுப்பினர்களாக உட்காரலாம், வாக்கு கிடையாது. வேட்பாளரையோ கட்சித் தலைமை முடிவு செய்கிறது. 2014-இல் காங்கிரஸ் சில தொகுதிகளில் கட்சிக்காரர்களின் வாக்கால் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. வேட்பாளர் தேர்வில் நமக்குக் குரல் இல்லாதபோது, எல்லை வகுப்பிலாவது குரல் கொடுக்க வேண்டாமா?

அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆணையம் முதலில் வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபங்களை வாங்க வேண்டும், பொதுமக்களை நேரில் கேட்க வேண்டும். இறுதி ஆணை அரசிதழில் வந்த பிறகு தொகுதி எல்லையை மாற்றச் சொல்லி முறையிட வழி மிகவும் குறைவு. அடுத்த மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை மக்களவை இடம் என்பதைப் பற்றி நாடே பேசுகிறது. 1962-இல் 41 ஆக இருந்தது 1967-இல் 39 ஆனதை நாம் மறக்கவில்லை. அந்தக் கவலை நியாயமானது. அதோடு, நம் ஊர் யாரோடு சேர்கிறது என்ற கவலையும் வேண்டும்.

எனவே நேயர்களே, அடுத்த வரைவு வரும் நாளில் அதை வாங்கிப் பாருங்கள். உங்கள் வட்டம், உங்கள் கிராமம் எந்தத் தொகுதியின் கீழ் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். பிழை என்று பட்டால் காரணம் சொல்லி எழுதிக் கொடுங்கள். குறை சொல்ல ஒரு பக்கம், வாக்குப் போட ஒரு பக்கம் என்று பல தேர்தல்கள் அலைந்த ஊர்க்காரனாகக் கேட்கிறேன்.