காரணி மிகுந்த எண்கள்

ஒட்டுசுட்டானில் விவசாயி ஒருவர் காலபோக நெல்லைச் சூடு மிதித்துக் களத்திலே குவித்திருக்கிறார் என்று கொள்க. குவியல் 50 புசல். மூன்று பங்காளிகள் வந்து நின்றால், முழுப் புசலாக மிச்சமின்றிப் பிரிக்க இயலாது. நால்வர் வரினும் அறுவர் வரினும் எண்மர் வரினும் அதே இடர்ப்பாடுதான். அடுத்த களத்துக் குவியல் 48 புசலே. ஆயினும் மேற்சொன்ன எத்தொகையினர் வந்தாலும் அதனைச் சரியாகப் பங்கிட்டுவிடலாம். 50க்குக் காரணிகள் 6, 48க்கோ 10. நெல்லிலே குறைந்தவர் பங்கீட்டிலே நிம்மதியடைகிறார்!

தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளையுடைய எண்கள் சில உள்ளன. 48 அத்தகையதே. இவ்வினத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுசன். 1887இல் ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டிலேயே இவற்றைப் பற்றிய நெடுங்கட்டுரையை இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். சங்கத்துக்கு அப்போது பணமுடை. ஆதலால் எழுதியதில் ஒரு பகுதி அச்சேறாது நின்று, 1997இலேதான் வெளிவந்தது.

கட்டுரையிலுள்ள அட்டவணையின் இறுதி எண் 6,746,328,388,800. அதாவது, ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இதன் காரணிகள் 10,080. ஒவ்வொன்றாக எண்ணவேண்டியதில்லை. இவ்வெண் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7 ஆகியவற்றோடு 11, 13, 17, 19, 23 ஆகியவற்றையும் ஒவ்வொரு முறை பெருக்கக் கிடைப்பது. ஒரு காரணியை ஆக்கும்போது 2ஐ எடுக்காமலும் விடலாம், ஆறுமுறை வரை எடுக்கவும் செய்யலாம். ஆக 7 வழிகள். இவ்வாறே 3க்கு 5 வழி, 5க்கும் 7க்கும் மும்மூன்று, ஏனைய ஐந்துக்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்கினால் 10,080 வந்துவிடும்.

முதன்மை எண்கள் இங்கே இடைவெளியின்றி வரிசையாக நிற்பதும், சிறியன மிகுதியாகவும் பெரியன குறைவாகவும் வருவதும் தற்செயலல்ல. 23ஐ விடுத்து 29ஐ எடுத்திருந்தால் காரணிகளின் தொகை மாறாது. எண் மட்டும் வீங்கும். ஒட்டுசுட்டான் களத்து 50க்கு நேர்ந்ததும் இதுவே. அது 2, 5, 5 என 3ஐத் தாண்டிச் சென்றுவிட்டது. 5 நின்ற இடங்களில் 3ஐ வைத்தால் கிடைக்கும் 18க்கும் அதே 6 காரணிகள் உண்டு.

கணிப்பொறி இல்லாத காலத்திலே கையால் ஆக்கிய அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. 5,040 காரணிகளையுடைய 293,318,625,600 என்பதே அது. அட்டவணையின் இறுதி எண்ணை 23ஆல் வகுப்பவருக்கு ஈவாகக் கிடைப்பதும் இந்த எண்ணே.