சிம்பாங்கில் ஏழரை விநாடி

ஜொகூரில் ஓர் ஊருக்குச் சந்திப்பே பெயராகிவிட்டது. கூலாயைத் தாண்டி, கூட்டரசுச் சாலை 1-இல் வடக்கே போனால் வரும் சிம்பாங் ரெங்காமைத்தான் சொல்கிறேன். ரெங்காமுக்குப் பிரிகிற முனை என்பதே அந்தப் பெயரின் பொருள். 'சிம்பாங்' என்ற மலாய்ச் சொல்லை நாம் என்றைக்கோ நம் பேச்சில் சேர்த்துக்கொண்டுவிட்டோம். தோட்டப்புறத்தாருக்குப் பேருந்து நிற்கிற இடம் சிம்பாங். பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் காத்திருக்கிற இடம் சிம்பாங். விடியற்காலையில் நாசி லெமாக் கடை போடுகிற இடமும் அதுதான். விபத்து என்று காதில் விழுந்ததும் 'எந்த சிம்பாங்கில்?' என்று கேட்பதும் நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் மனத்தை உறுத்துகிறது. ஜொகூரின் உட்பகுதிச் சாலைகளில் உயிர்ச்சேதத்தைக் குறைக்க வேண்டுமானால், சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னால் சிம்பாங்குகளைச் சரிசெய்ய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் யார் சாகிறார்கள் என்று பார்ப்போம். மலேசியச் சாலைகளில் 2016-ஆம் ஆண்டில் 7,152 பேர் மாண்டார்கள். 2023-இல் 6,443 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஜொகூரின் உட்பகுதியில் அந்த மோட்டார் சைக்கிளில் இருப்பவர் யார் என்பது நமக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து, ஆனாலும் தோட்டத்திலோ அருகிலுள்ள தொழிற்சாலையிலோ வேலைக்குப் போய்வருகிறவர். பொழுது விடியுமுன் கூலாயிலிருந்தும் பொந்தியானிலிருந்தும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகிறவர். பிள்ளைகளை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற தாய். வீடு ஒரு பக்கமும் பிழைப்பு மறுபக்கமுமாக இருப்பதால், லோரிகள் ஓடும் பெருஞ்சாலையை இவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது குறுக்கே கடந்தாக வேண்டும்.

அந்தக் கடப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். செம்மண் பாதை தாரைத் தொடுகிற இடத்தில் மழைநீர் இழுத்துவந்த மணல் படிந்திருக்கிறது. வெயிலில் வெளுத்துச் சிவப்பு போய் ரோஜா நிறமாகிவிட்ட 'பெர்ஹெந்தி' (நில்) பலகையில் பாதியைக் கொடி மூடியிருக்கிறது. வண்டியோட்டி நிற்கிறார். நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. எனவே முன்சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தாண்டும்வரை உருட்டிவந்து கழுத்தை நீட்டுகிறார். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே வலப்பக்கம் திரும்புகிறவர் வலத்திலிருந்து வருகிற தடத்தைக் குறுக்கே வெட்டி, இடத்திலிருந்து வருகிற தடத்தில் போய்ச் சேரவேண்டும். சாலைப் பொறியாளர்கள் இப்படித் திரும்பும் ஒரு காருக்கு ஏழரை விநாடி இடைவெளி வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் திரும்புகிறவருக்குக் கிட்டத்தட்ட 190 மீட்டர் தூரம் தடையில்லாமல் தெரிந்தாக வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு ஒன்பதரை விநாடி பிடிக்கும் என்றால் தூரம் 240 மீட்டருக்கு நெருங்கிவிடும். நம் தோட்டத்துச் சிம்பாங்குகளில் எத்தனைக்கு இந்தத் தூரம் இருக்கிறது? நாடாவைப் பிடித்து ஒரு காலைப்பொழுதில் அளந்துவிடக்கூடிய கேள்வி இது.

மறைப்பது எது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. நேர்ச்சாலையில் பெரும்பாலும் ஆளுயர லாலாங் புல், விளம்பரப் பலகை, ஓரமாக நிறுத்திய லோரி, பழக்கடையின் தார்ப்பாய். வளைவில் மறைப்பது செம்பனை. வளைவின் உட்பக்கமாக ஓரிரு வரிசை மரம் இல்லாதிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய வண்டி, அந்த ஓலைகளுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறது. பத்து பகாட், மூவார், பொந்தியான் பக்கம் கதையே வேறு. அங்கே நிலம் 'பாரிட்' எனப்படும் வடிகால்களால் கட்டப்பட்டது. பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்று ஊர்ப்பெயர்களிலேயே கால்வாய் ஓடுகிறது. ஒவ்வொரு பாரிட்டின் கரையோரமாகவும் ஒரு கம்பத்துச் சாலை வந்து, குறுகலான பாலத்தோடு, பெருஞ்சாலையில் செங்குத்தாக முட்டுகிறது. ஏணியின் படிகளைப் போல அடுத்தடுத்து முச்சந்திகள். வேகமாக வரும் வெளியூர்க்காரர் இதைச் சிற்றூர்கள் வழியே போகும் நெடுஞ்சாலையாகப் பார்க்கிறார். ஊர்க்காரர்களுக்கோ அது வீட்டு வாசல். ஒரே சாலைக்கு இப்படி இரண்டு பொருள் இருப்பதுதான் ஆபத்தின் வேர் என்பது என் எண்ணம்.

மோட்டார் சைக்கிளுக்கு இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. எதிரே வருகிற வண்டி எவ்வளவு சீக்கிரம் வந்துசேரும் என்பதை நம் கண் அதன் உருவத்தைக் கொண்டே மதிப்பிடுகிறது. உருவம் சிறிதாக இருந்தால் தூரமாக இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. லோரியைப் பார்த்துக் காத்திருக்கிற அதே ஓட்டுநர், அதே தூரத்தில் அதே வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் துணிந்து புறப்பட்டுவிடுகிறார். 'பார்த்தேன், ஆனால் நேரமிருக்கிறது என்று நினைத்தேன்' என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. இதற்கு மலேசியா கண்ட தீர்வு உலகத்துக்கே பாடமானது. 1992-இல் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்று மோட்டார் சைக்கிள்களுக்கு விதி வந்தது. அதன் விளைவைச் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆராய்ந்தபோது, கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களில் தொடங்கிய மோட்டார் சைக்கிள் தனித்தடம் மற்றொரு சான்று; அங்கும் விபத்துகள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வு காட்டியது. இந்த இரண்டு மாற்றங்களிலும் யாருடைய குணமும் மாறவில்லை. ஏற்பாடுதான் மாறியது.

இதைச் சொன்னதும் வருகிற முதல் மறுப்பு எனக்குத் தெரியும். 'சாலையைக் குறை சொல்லாதீர்கள். ஓட்டுகிறவர்கள்தான் காரணம். உரிமம் இல்லை, தலைக்கவசம் இல்லை, சிவப்பு விளக்கை மதிப்பதில்லை.' இதில் உண்மை இல்லாமலில்லை. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய விதி 1973-லேயே வந்துவிட்டது. இன்றும் கம்பத்துச் சாலையில் அதைக் கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் தளர்வு கூடாது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கவனக்குறைவு மாவட்டம் முழுவதும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. விபத்துகளோ திரும்பத் திரும்ப அதே சில இடங்களில் நடக்கின்றன. அப்படியென்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை இங்கேதான் பயன்படுகிறது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகிவிடாதபடி சாலையை அமைப்பது அரசின் கடமை என்கிறது அது. பக்கவாட்டு மோதலில் நல்ல காருக்குள் இருப்பவர் பிழைக்கச் சுமார் 50 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை. தகரக் கவசமும் இல்லாத மோட்டார் சைக்கிளோட்டிக்கு அதைவிடக் குறைவு. 90-இல் வண்டிகள் வரும் சாலையைக் குறுக்கே கடக்கச் சொல்லிவிட்டு, ஒருநாளும் தவறக்கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அடுத்தது, 'சமிக்ஞை விளக்கு போடுங்கள்' என்பது. ஒரு சாவு விழுந்ததும் ஊர் கூடிக் கேட்பது இதைத்தான். பட்டணத்துக்குள் அது சரி. ஆயர் ஈத்தாமில் கூட்டரசுச் சாலை 1-உம் 50-உம் வெட்டிக்கொள்வது போன்ற பெரிய நாற்சந்திக்கு விளக்கோ மேம்பாலமோ இல்லாமல் முடியாது. ஆனால் ஆளில்லாத தோட்டப் பரப்பின் நடுவே தனியாக நிற்கும் விளக்கை, 90-இல் வருகிறவர் எதிர்பார்ப்பதில்லை. நள்ளிரவில் சிவப்பைத் தாண்டும்போது மோதல் முழு வேகத்தில் நடக்கிறது. இன்னொரு கோரிக்கை, இருவழிச் சாலையை நான்கு தடமாக்குவது. நேருக்கு நேர் மோதலுக்கு அது மருந்து, மறுக்கவில்லை. சிம்பாங்கை அப்படியே விட்டுவிட்டு அகலப்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கடக்க வேண்டிய தூரம் இரட்டிப்பாகும், வருகிற வேகம் கூடும். நடுவே தடுப்பு வைத்தால் திரும்பும் இடம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும். அவ்வளவு தூரம் போய் வளைந்துவர மனமில்லாத மோட்டார் சைக்கிள், ஓரத்திலேயே எதிர்த்திசையில் வரத் தொடங்கும். பிறகு அதையும் ஓட்டுகிறவன் குற்றம் என்போம்.

அதற்குப் பதில், செலவு குறைந்தவற்றிலிருந்து தொடங்கலாம். பெருஞ்சாலையின் நடுவில், வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பவருக்கு ஒரு தனித் தடம். பின்னால் வருகிற லோரி அவர் மேல் ஏறாமல் நேராகப் போய்விடும். அமெரிக்க நாட்டுப்புற முச்சந்திகளில் இதற்கு இணையான தடம் விபத்துகளை 44 விழுக்காடு குறைத்ததாக 2002-இல் வந்த ஆய்வு சொல்கிறது. நாற்சந்தியாக இருந்தால், ஒரு கிளையைச் சற்றுத் தள்ளி இரண்டு முச்சந்தியாகப் பிரிக்கலாம். வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் நாற்சந்தியில் 32, முச்சந்தியில் 9, வட்டச் சந்திப்பில் 8. வட்டச் சந்திப்பைப் பற்றிச் சொன்னாலே, 'நீண்ட லோரி எப்படித் திரும்பும்?' என்பார்கள். நடுத்தீவைச் சுற்றி லோரியின் பின்சக்கரம் ஏறிப்போகத் தாழ்வான கல்தளம் போடுவது பல நாடுகளில் வழக்கம். வட்டச் சந்திப்பின் சிறப்பு, அது எல்லாரையும் மெதுவாக்கிவிடுகிறது என்பது. தவறு நடந்தாலும் உரசலோடு போய்விடுகிறது. அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட சந்திப்புகளை வட்டமாக மாற்றிப் பார்த்து 2001-இல் வெளியான ஆய்வில், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் நான்கில் மூன்று பங்கு குறைந்திருந்தன.

'யாரோ ஒருவர் எப்போதோ வெளியே வருவதற்காகப் பெருஞ்சாலையில் நாள் முழுவதும் வேகத்தைக் குறைப்பதா?' என்று லோரி உரிமையாளர்கள் கேட்பதும் நியாயமே. நியூசிலாந்தில் 2012 முதல் ஓர் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். பக்கச் சாலையில் வண்டி வருவதைத் உணர்கருவி அறிந்ததும், பெருஞ்சாலையில் மின்பலகை ஒளிர்ந்து வேக வரம்பைக் குறைத்துக் காட்டும். யாரும் இல்லாதபோது பலகை இருண்டிருக்கும். காத்திருப்பவர் ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார் என்று தெரிந்தால் ஓட்டுநர்கள் கட்டுப்படுகிறார்கள். செம்பனை ஆலையின் வாயிலுக்கும், பள்ளி தொடங்கும் முடியும் நேரத்தில் கம்பத்துச் சாலையின் முனைக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

பணமில்லை என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு சிக்கல். பெருஞ்சாலை கூட்டரசுக்குச் சொந்தம். அதில் வந்து சேரும் சாலை மாநிலத்துடையதாகவோ மாவட்ட மன்றத்துடையதாகவோ இருக்கலாம். மாநிலச் சாலைக்குக் கூட்டரசு மானியம் தர அரசியலமைப்பிலேயே வழி இருக்கிறது. தோட்டத்துப் பாதையோ நிறுவனத்தின் சொத்து. நான்கு கைகள் வந்து சேரும் அந்த ஓரத்துப் புல்லை யார் வெட்டுவது? பலகையில் படர்ந்த கொடியை யார் இழுத்துப் போடுவது? ஒவ்வொருவருடைய எல்லையும் முடிகிற இடம் என்பதால், எவருடைய பட்டியலிலும் அது முதலில் வருவதில்லை. மாவட்டந்தோறும் பொதுப்பணித் துறை, போலீஸ், மாவட்ட மன்றம், தோட்ட நிர்வாகம் ஆகியோர் சேர்ந்து, தங்கள் வட்டாரத்துச் சிம்பாங்குகளை ஒன்றுவிடாமல் நடந்து அளந்து, பார்வைத்தூரத்தைக் குறித்து வரிசைப்படுத்துவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். சாவு விழும்வரை காத்திருந்து கணக்கெடுப்பதற்கு இது மாற்று. மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் 2007 முதல் இயங்கிவருகிறது; இந்த அளவீட்டுக்கு வழிகாட்ட ஆளும் அறிவும் நாட்டிலேயே உண்டு.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கத் தனியாக ஒன்று உண்டு. காய்க்கிற மரத்தை வெட்டச் சொன்னால் தயங்குவார்கள், அது புரிகிறது. ஆனால் செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள்தான் ஆயுள். அதற்குப் பிறகு நிலம் முழுவதையும் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். அந்த நேரத்தில் சில மாதங்களுக்கு வளைவும் முனையும் வெட்டவெளியாகத் தெரியும். புதிய கன்றுகளுக்குக் குழி தோண்டக் கயிறு பிடிக்கும் நாளில், சிம்பாங்கை ஒட்டிய உள்வளைவில் இரண்டு வரிசையை விட்டுவிட்டுக் குச்சி நட்டால் போதும். அடுத்த 25 ஆண்டுகளுக்கு அந்த முனையில் யாரும் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. உங்கள் ஊர்ப் பக்கம் இந்த ஆண்டு மறுநடவு நடக்கிறது என்றால், கன்று இறங்குவதற்கு முன்பே தோட்ட மேலாளரிடம் போய்ப் பேசுங்கள்.