மதில் ஏறிய உரிமை

ஹாரன் சத்தமே காதில் விழாமல் சைக்கிள் மிதித்துப் போனால் எப்படியிருக்கும்! லண்டன் மாநகரிலேயே அப்படி ஒரு வழி இருக்கிறது.

ரிச்மண்டில் தேம்ஸ் ஆற்றை ஒட்டியே ஒரு மண்பாதை. அந்தக் காலத்தில் சரக்குப் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துப்போன பாதை அது. 1610-இல் கட்டிய ஹாம் மாளிகையைத் தாண்டிப் போகிறது. பக்கத்து மேட்டில் ரிச்மண்ட் பூங்கா. அதைச் சுற்றிவர, கார் நுழையாத பாதை சுமார் 11 கிலோமீட்டர். முதிர்ந்த ஓக் மரங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட மான்கள்.

இந்தப் பூங்கா, 1637-இல் முதலாம் சார்லஸ் மன்னர் வேட்டைக்காக மதில் எழுப்பி அடைத்த நிலம். பின்னாளில் இளவரசி அமீலியா பொதுமக்கள் உள்ளே வரத் தடை போட்டார். ஜான் லூயிஸ் என்ற பீர் ஆலைக்காரர் விடவில்லை. வழக்குப் போட்டு, 1758-இல் ஜெயித்தார். மதிலில் ஏணிப்படி வைத்தார்கள். ஆனால், படிகளுக்கு இடையே ஏக இடைவெளி. குழந்தைகளும் வயதானவர்களும் ஏற முடியவில்லை. லூயிஸ் மறுபடி முறையிட, பாட்டிமாரும் ஏறும்படி படிகளை அமைக்கச் சொன்னார் நீதிபதி. என்ன அருமையான தீர்ப்பு!

இன்று அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. போகிறவர்கள் மானைக் கண்டால் ஐம்பது மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.