மலையை ஆள்வோரும் பள்ளியை ஆள்வோரும்



சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. மலையாளி என்னும் சொல் மலையை ஆள்வோர் எனப் பொருள்படும். ஆயின், தம் மக்கள் பயிலும் பள்ளியை ஆளும் உரிமை அவர்களிடம் உள்ளதா? அதுவே இன்று எழும் வினா.

1958 ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டத்தின்வழித் தோன்றிய ஒன்றியங்கள் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளை நடத்தின. ஆட்சி அருகிருந்தது, ஒன்றியத் தலைவரின் விருப்பு வெறுப்பிற்கு ஆசிரியர் அஞ்சும் நிலையும் உடனிருந்தது. 1981 ஆம் ஆண்டு சூன் முதல்நாள் அவ்வாசிரியர் அரசுப் பணியாளராயினர். ஊதியம் உறுதியாயிற்று, ஆசிரியர் தலைநிமிர்ந்தனர். இஃது அரசு செய்த நன்மையே. எனினும், ஊராட்சி ஒன்றியம் என்னும் பெயர் பலகையில் எஞ்சிற்று. ஆட்சி மேலே ஏறிற்று.

அது மாநிலத்தோடும் நிற்கவில்லை. 1976 ஆம் ஆண்டின் 42 ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குப் பெயர்த்தது. நடுவணரசின் கை எத்துணை நீளும் என்பதை 2024-25 ஆம் ஆண்டு காட்டிற்று. 'பி.எம். சிறீ' பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையொப்பமிடாமையால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்குரிய ஈராயிரங் கோடி உருபாவிற்கு மேற்பட்ட நல்கை நிறுத்தப்பட்டது. தலைமடை அடைபட்டால் கடைமடை காய்வது இயல்பன்றோ?

தொலைவிலிருந்து ஆள்வோர்க்கு மலை தெரிவதில்லை. 2011 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என்கின்றன. சமவெளியில் அது சிறுநடை. மலையிலோ ஓடையும் சரிவும் குளம்பித் தோட்டமும் கடந்து, காட்டெருமை உலவும் வழியே செல்ல வேண்டும். மாணவர் தொகை குறைந்ததென்று ஒரு பள்ளியை மற்றொன்றோடு இணைத்தல் அலுவலகத்திற்கு வெறுங் கணக்கு. ஆறு அகவைச் சிறுமிக்கோ படிப்பின் முடிவு.

2009 ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவிற்கு வழிவகுத்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வரைவதும், நல்கை செலவாவதைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகள். ஆயின், எழுதி வைத்த தாளிற் கையொப்பமிடுவது ஆட்சியன்று.

ஆசிரியரையும் ஊதியத்தையும் கட்டடத்தையும் தருவது அரசின் கடன். அதினின்று அரசு நழுவலாகாது. பள்ளி நடக்கும் முறையைக் காண்பதும் கேட்பதும் ஊரின் உரிமை. ஊரின் இசைவின்றி எந்த மலைப்பள்ளியும் மூடப்படலாகாது. அடுத்த குழுக் கூட்டத்தில் பெற்றோர் அனைவரும் அமர்க! கணக்கைக் கேட்க! திட்டத்தைத் தாமே வரைக! அன்றே மலையாளி என்னும் பெயர் பொருளுடையதாகும்.