பற்றுவதும் விடுவதும்: நரம்பணுக்களின் இடப்பெயர்ச்சி

 

மூளையில் ஒரு நரம்பணு பிறக்கும் இடம் வேறு. அது வாழ்நாள் முழுதும் பணிபுரியும் இடம் வேறு. பெருமூளைப் புறணிக்குரிய நரம்பணுக்கள் பல, மூளை அறைகளின் ஓரத்தில் பிறந்து வெளிப்புறம் நோக்கி ஏறுகின்றன. ஆரக் கிளியாச் செல்களின் நீண்ட இழைகளைப் பற்றியே அவை ஏறுகின்றன என்பதை 1970களின் தொடக்கத்தில் பாஸ்கோ ராக்கிச் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் காட்டினார். அதே பத்தாண்டில் ஜெரால்ட் எடல்மன் குழுவினர் கோழிக் கருவின் நரம்புத் திசுவிலிருந்து என்-கேம் என்னும் ஒட்டு மூலக்கூறைப் பிரித்தெடுத்தனர். கால்சியம் இருந்தால் மட்டுமே ஒட்டும் கேட்ஹெரின்களை ஜப்பானில் மசதோஷி டகெய்ச்சி இனங்கண்டார்.

செல்களை ஒட்ட வைக்கும் மூலக்கூறுகள் செல்லின் நகர்வுக்கு எப்படி உதவுகின்றன? பனையேறுபவரைப் பாருங்கள். கால் பிடித்திருக்கும்போது கை உயர்கிறது. கை பிடித்த பிறகே கால் விடுகிறது. நரம்பணுவும் முன்முனையில் பற்றிப் பின்முனையில் விட்டால்தான் நகரும். பிடி தளர்ந்தாலும் பயணம் நிற்கும். பிடி விடாவிட்டாலும் நிற்கும்.

இதற்கு மூன்று சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, எலியின் முகர்குமிழ். மூளை அறையின் ஓரத்தில் பிறக்கும் இளம் நரம்பணுக்கள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தொற்றிக்கொண்டு முகர்குமிழை அடைகின்றன. என்-கேம் மரபணு நீக்கப்பட்ட எலிகளில் முகர்குமிழ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது 1994இல் தெரியவந்தது. என்-கேம் புரதத்தை அப்படியே விட்டு, அதன்மேல் உள்ள பாலிசியாலிக் அமிலம் என்ற சர்க்கரைச் சங்கிலியை மட்டும் நொதியால் அகற்றியபோதும் இடப்பெயர்ச்சி அதேபோல் தடைப்பட்டது. எதிர்மின்னூட்டம் கொண்ட இச்சங்கிலி நீரை ஈர்த்துச் செல் சவ்வுகளைச் சற்றே விலக்கி வைக்கிறது. அந்தச் செல்கள் இழந்தது பிடியை அல்ல, பிடியைத் தளர்த்தும் திறனை.

இரண்டாவது, என்-கேட்ஹெரின். இது குறைந்தாலும் புறணி நரம்பணுவின் ஏற்றம் தடுமாறுகிறது. மேற்பரப்பிலுள்ள கேட்ஹெரினைச் செல்லுக்குள் இழுக்கும் ராப்5 புரதத்தை அடக்கினால், கேட்ஹெரின் மேற்பரப்பில் தேங்கி, ஏற்றம் தடைப்படுகிறது. அந்நிலையில் கேட்ஹெரினைச் சற்றுக் குறைத்தால் ஏற்றம் ஓரளவு மீள்கிறது என்பதை 2010இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. உள்ளே இழுத்து மீண்டும் வெளியே அனுப்பும் இச்சுழற்சியே நகர்வின் உயிர்நாடி.

மூன்றாவது, மனிதரிடம் காணும் கால்மன் நோய். பருவமடைதலைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்கள் கருவில் மூக்குப் பகுதியில் தோன்றி, முகர்நரம்புகளின் வழியே ஹைப்போதலாமஸை அடைகின்றன. கால்மன் நோயுள்ள 19 வாரக் கருவில் அவை மூக்குக்கும் மூளைக்கும் இடையே தங்கிவிட்டிருந்தன என்று 1989இல் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒரு காரண மரபணுவும் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் அனோஸ்மின் புரதத்தில் ஒட்டு மூலக்கூறுகளில் காணும் பகுதிகள் உள்ளன. ஒரு வழித்தடை, நோயாளியின் முகர்திறனையும் பருவமடைதலையும் ஒருசேரப் பாதிக்கிறது. ஹார்மோன் சிகிச்சையால் பருவமடையச் செய்யலாம். முகர்திறனை மீட்க முடிவதில்லை. எனவேதான் அடிப்படை ஆய்வு மருத்துவருக்கும் உரியது என்கிறேன்.

நம் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலான சோதனைகள் ஒட்டும் வலிமையையே அளக்கின்றன. பதப்படுத்திய திசுவில் ஒரு கணத்தின் நிலையே தெரியும். விடும் நேரம் அதில் தெரியாது. உயிருள்ள மூளைச் சீவல்களில் ஒரே செல்லைத் தொடர்ந்து படமெடுத்து, எந்த மூலக்கூறு எந்நேரத்தில் மேற்பரப்பிலிருந்து விலகுகிறது என்று கண்டறிய வேண்டும். இங்கு ஆய்வுரை வழங்கும் ஒவ்வொருவரும் தம் மூலக்கூறு எவ்வாறு பற்றுகிறது என்பதோடு, எவ்வாறு விடுகிறது என்பதையும் கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கருத்தரங்கின் பணியாக அமையட்டும் என்று வாழ்த்தி, அமர்வுகளைத் தொடங்கி வைக்கிறேன்.