கண்ணாடியில் படரும் மூடுபனி

2020-ஆம் ஆண்டில் இந்த ஐதராபாத் நகரில் நாமனைவரும் முகக்கவசம் அணிந்து நடமாடினோம். மூக்குக்கண்ணாடி அணிந்தோர்க்கு அப்போது இரட்டைத் துன்பம். கவசத்தின் மேல்விளிம்பில் எழுந்த மூச்சு கண்ணாடியைத் திரையிட்டது. கவசத்தை இறக்கினால் நோயச்சம். கண்ணாடியைக் கழற்றினால் படி தெரியாது. இன்றும் குளிரூட்டிய அறையினின்று மழைக்காலத் தெருவுக்கு வருங்கால் இவ்விடர் நேர்கின்றது.

காரணம் யாது? ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொடுங்கால் நீராவி நுண்துளிகளாகின்றது. அத்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன, பார்வை மங்குகின்றது. துளிகளைப் பரவச் செய்தால் குறை தீரும். கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி, உதறி, தானே உலர விடுவோம். எஞ்சும் மெல்லிய படலம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். துளிகள் ஒன்றாகப் பரவி ஒளிக்கு வழிவிடும். 2011-இல் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஆய்விதழும் இம்முறையை எடுத்துரைத்தது. கவசத்தின் கம்பியை மூக்கின்மேல் அழுத்திப் பொருத்துதலும் வேண்டும்.

குல்மார்க் பனிச்சரிவில் சறுக்குவோர்க்கும் இதே தொல்லை உண்டு. அவர்தம் கண்ணாடியில் இரண்டு வில்லைகள் உள்ளன. இடையே அடைபட்ட காற்று உள்வில்லை குளிராமல் காக்கின்றது. விளிம்பின் துளைகள் ஈரத்தைப் போக்குகின்றன.

நமக்கோ சிறிது சோப்பு நீர் போதும். ஆயினும், திரை படர்ந்த கண்ணாடியோடு ஒரு படியும் இறங்கலாகாது, தெளியும்வரை நிற்போம். நம் வீட்டு முதியோர் கண்ணாடியை நம் இளைஞர் நாள்தோறும் கழுவித் தருவாராக!