முறிந்த சாவி

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்காவில் மோட்டார் சைக்கிளுக்கு ஓர் இடம் கிடைப்பதே பெரிய காரியம். கிடைத்த இடத்தில் சாவி பாதியாக முறிந்து பூட்டுக்குள் மாட்டிக்கொண்டால்?

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழுக்கு ஆயுள் 10 ஆண்டு. புதுப்பித்தால் வண்டி மேலும் ஓடும். ஆனால் சாவி பெரும்பாலும் பித்தளை, தேயும். மழையிலும் தூசியிலும் பூட்டு இறுகும். நாமும் பலம் கொடுத்துத் திருகுவோம். ஒருநாள் பட்டென்று கையோடு வந்துவிடும்.

பூட்டின் உருளைக்குள் மெல்லிய தகடுகள் வில்லின் அழுத்தத்தில் நிற்கின்றன. சாவியின் வெட்டுகள் அவற்றைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். சாவியை நுழைக்கும் நிலையில் உருளை இருந்தால்தான் துண்டும் வெளியே வரும். 'ஆன்' நிலையில் முறிந்ததா? மெல்லிய திருப்புளியால் முதலில் பழைய நிலைக்குத் திருப்புங்கள். அதற்கு முன் எவ்வளவு இழுத்தாலும் வீண்தான்.

பிறகு கொஞ்சம் கிராஃபைட் தூள். சன்னமான ரம்பத் தகட்டை, பல் உங்களைப் பார்த்திருக்கும்படி, சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, துண்டைக் கவ்வி மெல்ல இழுங்கள். தயவுசெய்து பசை ஊற்றாதீர்கள். துண்டோடு பூட்டும் ஒட்டிக்கொள்ளும்!

வெளியே வந்த துண்டை எறிய வேண்டாம். இரண்டு பாதியையும் பொருத்திப் பார்த்தே சாவிக்காரர் புதுச் சாவி வெட்டிவிடுவார். சாவித் தலையில் சிப் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டு அலமாரியில் தேயாத மாற்றுச் சாவி கிடந்தால், நகல் எடுக்க அதையே கொடுங்கள்.